ஒரு மாதச் சம்பளத்துக்கு ஒரு ராத்திரி

இதைப் படிக்கும் தோழர்கள் சிரித்தாலும் பரவாயில்லை. மூன்று வாரமாக எங்கள் பாரூர் படிப்பகத்தில் நடக்கிற பெரிய வேலை, இங்கிலாந்தில் லெமிங்டன் ஸ்பா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாளிகை ஓட்டலில் அறை போடுவதுதான். ஒரே ஒரு இரவு. தங்கப் போகிறவர் எங்கள் தெரு அக்கா. ஓசூரில் ஒரு தங்கும் விடுதியில், ஒப்பந்தக்காரர் மூலமாக, அறை கூட்டித் துடைத்துப் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை செய்பவர்.

அக்காவின் மகளை எங்கள் தெருவில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். இருபத்தைந்து வயதாகிவிட்டது, இன்னும் பாப்பாதான். 2024 செப்டம்பரில் வாரிக் பல்கலைக்கழகத்துக்கு முதுகலை படிக்கப் போனாள். பெயர்தான் வாரிக், இருப்பது கவென்ட்ரி நகரத்தின் ஓரத்தில். அங்கே படிக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் லெமிங்டனில் ஐந்தாறு பேராகச் சேர்ந்து வீடு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வருகிறார்கள். அப்படித்தான் இவளும். வரும் ஜனவரியில் பட்டமளிப்பு. அம்மா வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சரி, போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று நாங்களும் நினைத்தோம். அப்போதுதான் ஓட்டல் விஷயத்தை எடுத்தாள்.

முதலில் அவள் போன கதையைச் சொல்லிவிடுகிறோம், அடுத்து விண்ணப்பிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு உதவும். மத்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு இருக்கிறது, அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. ஆனால் 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு விதிகள் இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றைப் படிக்கப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டன. சாதியைப் பற்றி வெளிநாட்டில் படிக்க வேண்டுமானால் சொந்தக் காசில் படி என்பதுதான் அதற்கு அர்த்தம். பாப்பா எடுத்த தலைப்பு ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராக இருக்கும் பெண்களின் சாதி. ஆகவே அந்தப் பக்கமே போகவில்லை. பல்கலைக்கழகம் கட்டணத்தில் ஒரு பங்கைத் தள்ளிக் கொடுத்தது. மீதிக்கு வங்கிக் கடன், மகளிர் குழுக் கடன், அக்காவின் இரண்டு வளையல். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தை நாங்கள் தாமதமாகத்தான் கவனித்தோம். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வேலை பார்க்க வேண்டியிருந்தது. மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஊருக்கு வெளியே, பெரிய புல்வெளிக்கு நடுவில் இருக்கும் ஒரு பழைய மாளிகை ஓட்டலில் அவளுக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை என்று எட்டு மாதம் வீட்டுக்குச் சொல்லவில்லை. "ரிசப்ஷன்ல" என்று சொல்லியிருந்தாள். ஒருநாள் வீடியோ அழைப்பில் பின்னால் ஒரு தள்ளுவண்டி தெரிந்தது. அக்காவுக்கு அந்த வண்டியைத் தெரியாதா? மேல் தட்டில் துண்டு, நடுவில் சோப்பு டப்பா, கீழே அழுக்கு விரிப்புக்கு ஒரு பை. உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் போல.

"எத்தன ரூமு?" என்று மட்டும் கேட்டார்.

"எட்டு, ஒன்பதும்மா."

"அவ்ளோதானா? இங்க பதினாலு."

அப்புறம் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் படுக்கை விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது என்று பேசினார்களாம். பாப்பா அதை எங்களிடம் சொன்னபோது சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. படித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். கடல் தாண்டியும் அதே விளக்குமாறா என்று எங்களில் ஒரு தோழருக்கு ரொம்ப வருத்தம். பாப்பாவுக்கு அந்த வருத்தம் கிடையாது. கூடவே வேலை செய்தவர்கள் ருமேனியா, கேரளா, நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள், ஒருத்தி உள்ளூர் வெள்ளைக்காரப் பெண். வேலை முடிந்து எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே கெட்டிலில் டீ போட்டார்கள். "அண்ணா, வேல கஷ்டம்தான். ஆனா அந்த வேலய வெச்சு என்ன யாரும் கண்டுபிடிக்கல" என்றாள். கண்டுபிடிக்கல என்ற சொல்லுக்கு உங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அவளைக் கண்டுபிடித்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். லெமிங்டனில் பங்கு வீட்டில் நம் நாட்டுப் பிள்ளைகள்தான். முதல் வாரமே ஒரு பெண் முழுப்பெயர் என்ன, வீட்டில் என்ன சமைப்பீர்கள், எந்தச் சாமி என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள். மூன்றாவது வாரம் பாப்பாவின் பாத்திரங்களுக்குத் தனி அலமாரி வந்தது. சைவம், அசைவம் என்று காரணம் சொன்னார்களாம். அசைவம் சாப்பிடும் இன்னொரு பெண்ணின் பாத்திரம் மட்டும் பொது அலமாரியிலேயே இருந்தது. நம் ஊரில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு ஓட்டல், சத்திரம், முசாபர்கானாவில் பொதுப் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரில் மறுப்பதைக் குற்றம் என்கிறது. இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க ஒரு வழி வைத்தார்கள். எட்டு வருடம் இழுத்து, 2018இல் தனிச் சட்டம் வேண்டாம், நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று அரசு கைகழுவிவிட்டது. நீதிமன்றம் பார்த்த வழக்கும் உண்டு. பீகாரிலிருந்து வீட்டு வேலைக்குக் கூட்டிப்போகப்பட்ட ஆதிவாசிப் பெண் பெர்மிளா திர்க்கி தொடுத்த வழக்கில், 2015இல் தொழிலாளர் தீர்ப்பாயம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பவுண்டுக்கு மேல் சம்பளப் பாக்கி கொடுக்கச் சொன்னது.

சரி, ஓட்டலுக்கு வருகிறோம்.

பாப்பா கேட்டது இவ்வளவுதான்: "அம்மா ஒருநாள் அங்க கெஸ்ட்டா தங்கணும். நான் தொடச்ச ரூம்லயே." மாடியில், பெரிய படிக்கட்டு ஏறியதும் இடது கைப் பக்கம், குளியல் தொட்டிக்கு நான்கு இரும்புக் கால் வைத்த அறை. அந்தக் கால்களின் இடுக்கில் முடி சிக்கிக்கொள்ளும், மண்டியிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவளுக்கு அந்த அறைதான் வேண்டும். ஜனவரி மாதம், வாரநாள், குளிர், கூட்டம் இருக்காது. காலைச் சாப்பாட்டோடு 90 பவுண்டு என்றார்கள்.

நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அப்போது ஒரு பவுண்டு 118 ரூபாய் வாக்கில் ஓடியது. 90 பவுண்டு என்றால் 10,600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அக்காவுக்கு ஓசூரில் எல்லாப் பிடித்தமும் போகக் கைக்கு வருவது 10,500. அவருடைய ஒரு மாத வேலை அந்த ஊரில் ஒரு ராத்திரித் தூக்கம். ஆனால் பாப்பா கணக்கைத் திருப்பிப் போட்டாள். 2025 ஏப்ரலிலிருந்து அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸாக இருந்தது. ஏழரை மணி நேரம் அறை துடைத்தால் அதே அறையில் ஒருநாள் தங்கலாம். ஒரே வேலை, ஒரே துடைப்பம், ஒரே மூலை மடிப்பு. ஓசூரில் இருபத்தாறு நாள், அங்கே ஒருநாள். விலைவாசி, வாடகை என்று எங்கள் பொருளாதாரத் தோழர் பத்துக் காரணம் சொன்னார். எல்லாம் உண்மைதான். ஆனால் ஓசூர் விடுதியில் அக்கா துடைக்கும் அறையின் ஒருநாள் வாடகை நாலாயிரத்துச் சொச்சம். அவர் அதில் தங்க வேண்டுமானால் பத்து நாளுக்கு மேல் துடைக்க வேண்டும். இதற்கு அவரிடம் பதில் இல்லை.

இந்த இடத்தில் படிப்பகத்தில் சண்டை வந்துவிட்டது. உண்மையான சண்டை. இரண்டு பேர் ஒரு வாரம் வரவில்லை. பொது நிதியிலிருந்து ஒரு பைசா எடுக்கவில்லை, விமான டிக்கெட்டும் அறையும் பாப்பாவின் சம்பளம் என்று சொல்லியும் அடங்கவில்லை. "அந்த மாளிகை யாரோட காசுல கட்டினது? அதுல போய் படுக்கறதா விடுதலை?" என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்வி. அதற்காகவே இரண்டு மாலை உட்கார்ந்து படித்தோம்.

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை என்பது நம் ஜமீன் பங்களா மாதிரி. சுற்றிலும் நிலம், நிலத்தில் குத்தகைக்காரர்கள், வீட்டுக்குள் ஒரு படை வேலைக்காரர்கள். பணம் எல்லாம் அந்த நிலத்திலிருந்து மட்டும் வரவில்லை. பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 2020இல் தானே ஓர் அறிக்கை போட்டது. தன் கையில் இருப்பவற்றில் 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடோ காலனி ஆட்சியோடோ தொடர்பு உண்டு என்றது. அதற்கு அந்த நாட்டில் எவ்வளவு கோபம் கிளம்பியது தெரியுமா? எங்கள் தாத்தாவை அவமானப்படுத்துகிறாய் என்று. அந்தக் குரல் நமக்கு ரொம்பப் பழக்கமான குரல். செல்டன்ஹாம் இன்னொரு ஊற்று நீர் ஊர், இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பிய அதிகாரிகள் ஓய்வுக்குப் போய்ச் சேர்ந்த இடம். அதன் பக்கத்தில் செசின்கோட் என்று ஒரு மாளிகை, மொகலாயர் பாணியில் தாமிரக் கும்மட்டத்தோடு நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பிய சார்லஸ் காக்கரெலின் வீடு.

இதில் நம் மாவட்டத்துக்கும் பங்கு இருக்கிறது. 1792இல் திப்புவிடமிருந்து பாரமகாலைக் கம்பெனி பிடுங்கியது. பாரமகால் என்றால் நம் கிருஷ்ணகிரியும் தருமபுரியும்தான். அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் குதிரையில் சுற்றி, வயலை அளந்து, தீர்வை போட்டார்கள். ரயத்துவாரி முறை இங்கேதான் முளைத்தது. நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்கள் பெயரில் பட்டா. அந்த நிலத்தில் உழைத்தவர்கள் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை. ஆகவே அந்த மாளிகைகளில் நம் ஏரித் தண்ணீரும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று ஒரு தோழர் சொன்னார். கொஞ்சம் மிகைதான், விட்டுவிட்டோம்.

மிகை இல்லாத ஒன்று ஓசூரிலேயே இருக்கிறது. லெமிங்டனிலிருந்து எட்டு கிலோமீட்டரில் கெனில்வொர்த் என்று ஓர் ஊர், அங்கே உள்நாட்டுப் போருக்குப் பிறகு இடித்துப் போடப்பட்ட ஒரு பழைய கோட்டை. 1575இல் முதலாம் எலிசபெத் ராணி பத்தொன்பது நாள் விருந்தாடிய இடம். 1860 வாக்கில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட் என்பவர், அதே கெனில்வொர்த்தின் பெயரில், அதே மாதிரியில், ஓசூர் ராமநாயக்கன் ஏரிக்கரையில் ஒரு கோட்டை கட்டினார். கட்டிக்கப்போகும் பெண்ணுக்காகக் கட்டினார், கோட்டை இருந்தால்தான் வருவேன் என்று அந்தம்மா சொன்னார் என்றெல்லாம் கதை உண்டு. கதை எப்படியோ போகட்டும். ஓசூர்க் குளிருக்கு மயங்கி இதைக் குட்டி இங்கிலாந்து என்று கொஞ்சினார்கள் வெள்ளைக்காரர்கள். இங்கிலாந்தைச் செய்ய வேண்டுமானால் கல் சுமக்கவும் மலம் சுமக்கவும் ஆள் வேண்டும். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் பங்களாக்களில் குளியலறைக்கு வெளிப்பக்கமாகத் தனிக் கதவு இருக்கும். மலத் தொட்டியை எடுக்க வருகிறவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போக. ராமநாயக்கன் ஏரிப் பக்கம் அந்தக் கோட்டையில் இன்று பார்க்கப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் கதவு மட்டும் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது, தோழர்களே. அடுக்குமாடிகளில் சர்வீஸ் லிஃப்ட் என்று பெயர் மாறியிருக்கிறது.

இங்கிலாந்து மாளிகைகளிலும் வேலைக்காரருக்குத் தனிப் படிக்கட்டு உண்டு. பாப்பா வேலை செய்யும் இடத்தில் அது இன்னும் அப்படியே இருக்கிறது: இருட்டு, குறுகல், கைப்பிடி கிடையாது. சமையலறைப் பக்கத்திலிருந்து சுவருக்குள்ளேயே ஏறி மாடித் தாழ்வாரத்தில் ஒரு கதவாகத் திறக்கும், விருந்தாளி கண்ணில் படாமல். தள்ளுவண்டிக்கு இப்போது லிஃப்ட் வந்துவிட்டது, ஆள் மட்டும் அவசரத்துக்கு அதில் ஏறுகிறார்கள். அந்த மாளிகைகள் ஏன் ஓட்டலாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறின என்று தேடியபோது ஒரு காரணம் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு வாரிசு வரி ஏறியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேலைக்காரர்கள் கிடைக்கவில்லை. பெண்கள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போனார்கள், திரும்பிவர மறுத்துவிட்டார்கள். 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தபோதும், பின்னால் நம் போச்சம்பள்ளி, பர்கூர்ப் பக்கம் கம்பெனி வேன்கள் வர ஆரம்பித்தபோதும், நம் ஊரிலும் மாந்தோப்புக்காரர்கள் இதைத்தான் சொன்னார்கள். ஆள் கிடைக்கவில்லை, காலனிக்காரர்களுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று. பண்ணை வீடு ஆட்டம் காண்பது நிலச் சட்டத்தால் மட்டும் இல்லை, காலை ஐந்தரை மணி வேனாலும்தான். வேன் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது வேறு சண்டை, அதைப் பாப்பாவின் ஆய்வு சொல்லும்.

மாளிகைக்குள் இருந்த நம் ஆட்களையும் நாம் மறந்துவிடுகிறோம். வெள்ளைக்காரர் வீட்டில் சமைக்க, பரிமாற, பிள்ளை பார்க்க மற்ற சாதிகள் தயங்கியபோது நம்மவர்கள் போனார்கள். அயோத்திதாசரின் தாத்தா கந்தப்பன் ஹாரிங்டன் துரையிடம் பட்லர். அவர் வீட்டில் காத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் துரை வழியாக எல்லிஸ் கைக்குப் போனது. குறள் அச்சேறிய கதையில் ஒரு சமையற்கட்டும் இருக்கிறது. பிள்ளை பார்த்த ஆயாக்களைத் துரைசானிகள் கப்பலில் கூடவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள், போய்ச் சேர்ந்ததும் சிலரைத் தெருவில் விட்டார்கள். அவர்களுக்காக லண்டனில் ஆயாக்கள் இல்லம் என்றே ஒன்று நடந்தது. ஹாக்னியில் அது இருந்த வீட்டில் 2022இல்தான் நீலப் பலகை மாட்டினார்கள். நம் அக்கா இங்கிலாந்துக்குப் போகும் முதல் ஆயா இல்லை. திரும்பி வர டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு போகிறவர், அவ்வளவுதான்.

இதெல்லாம் பேசிய பிறகும் அந்த இரண்டு தோழர்களில் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காசுக்கு லண்டனில் அம்பேத்கர் தங்கிய வீட்டைப் பார்த்துவிட்டு வரட்டும் என்றார். அதையும் சேர்த்துக்கொண்டோம். கிங் ஹென்றிஸ் சாலை, 10ஆம் எண். 1921, 22இல் பாபாசாகேப் படித்துக்கொண்டே தங்கியிருந்த வீடு. மகாராஷ்டிர அரசு 2015இல் வாங்கி நினைவில்லம் ஆக்கியது. அங்கும் குடியிருப்புப் பகுதியில் நினைவில்லமா என்று ஆட்சேபம் வந்து, போராடித்தான் அனுமதி வாங்கினார்கள். போன உடனே முதல் நாள் அது. ஓட்டல் அதற்குப் பிறகு.

எங்களுக்கு ஓட்டல் என்றால் வயிற்றைப் பிசைகிற காரணம் வேறு. மூன்று வருடம் முன்பு, பக்கத்து நகரம் ஒன்றில் பெண் தோழர்களுக்கு இரண்டுநாள் பயிற்சி முகாம் வைத்தோம். லாட்ஜில் ஆறு அறை போனில் சொல்லி முன்பணமும் கட்டியாயிற்று. காலையில் பையோடு, சுருட்டிய பேனரோடு போய் நின்றோம். பேனர் அவிழ்ந்து பாபாசாகேப் படம் தெரிந்தது. மேலாளர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார், மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை என்றார். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு கல்யாணக் கோஷ்டிக்குச் சாவி கொடுத்தார். அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, இரண்டாம் பிரிவு, கடை, உணவகம், ஓட்டல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. நாங்கள் அதைப் பாடமே நடத்துகிறவர்கள். அன்றைக்குப் புகார் எழுதவில்லை. பதினெட்டுப் பெண்களை வெயிலில் நிறுத்திவிட்டு எங்கே எழுதுவது? ஒரு சர்ச் மண்டபத்தில் பாய் வாங்கிப் போட்டுப் படுத்தோம். அந்தப் பதினெட்டுப் பேரில் பாப்பாவும் ஒருத்தி.

நூறு வருடத்துக்கு முன்பு கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வாசலில் நின்றது. நண்பர்கள் வீட்டிலும் இடம் இல்லை, பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று பின்னால் எழுதிய குறிப்புகளில் இது வருகிறது. சின்ன நூல், ஒரே மூச்சில் படித்துவிடலாம், இன்னும் படிக்காதவர்கள் இன்றைக்கே படியுங்கள். இந்த ஓட்டல் வேலை முழுக்க அந்தப் பதிவேடுதான் எங்கள் கண்முன் நின்றது. ஏனென்றால் ஓட்டலின் இணையப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவில்லை. அக்காவின் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் ஒன்றுதான். அப்பா பெயரா, இறந்துபோன கணவர் பெயரா? கணவர் பெயர் போடலாம் என்றோம். "செத்தவர எதுக்கு ஓட்டலுக்குக் கூட்டிப் போறீங்க?" என்றார் அக்கா. கடைசியில் பாப்பா நேரில் போய்ச் சொல்லி, அவர் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுத வைத்தாள். ஒரே பெயர் இரண்டு தடவை.

விசா விண்ணப்பம் தனிக் கூத்து. 127 பவுண்டு கட்டணம் கட்டினோம், பெங்களூரில் விரல்ரேகை. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள்: வேலை, சொத்து, குடும்பம். ஒப்பந்தக்காரரிடம் ஒரு கடிதம் கேட்டோம். எங்கள் பட்டியலில் அவர் பெயர் எப்படி இருக்கிறதோ பார்க்கணும் என்று இழுத்தார், தரவில்லை. வருங்கால வைப்புநிதிப் பாஸ்புக்கை அச்செடுத்தோம். ஆறு வருடத்தில் மூன்று ஒப்பந்தக்காரர்கள் பெயர். அதே விடுதி, அதே மாடி, அதே வாளி. முதலாளி மட்டும் தாளில் மாறிக்கொண்டே இருக்கிறார். வெளிநாட்டு அதிகாரிக்கு இதை எப்படி விளக்குவது? ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். ஒப்பந்த முறை என்றால் என்ன, ஒரு தொழிலாளிக்கு ஏன் மூன்று முதலாளி என்று. எழுதி முடித்துப் படித்தால் விசா விண்ணப்பம் மாதிரி இல்லை, தொழிலாளர் துறைக்குப் போடும் மனு மாதிரி இருந்தது. அப்படியே வைத்துவிட்டோம். மகளிர் குழுத் தலைவி ஒரு கடிதம் கொடுத்தார்: இவர் எங்களுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கிறார், ஆகவே கட்டாயம் திரும்பி வருவார். எங்களிடம் இருந்த தாள்களில் அதுதான் உறுதியானது என்று எங்கள் அபிப்பிராயம்.

இத்தனை நாளும் அக்கா என்ன நினைக்கிறார் என்று நாங்கள் ஒழுங்காகக் கேட்கவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, அவர் ஓசூரிலிருந்து வந்திருந்தபோது, ஏரிக்கரைப் பக்கம் உட்கார்ந்து கேட்டோம். தென்பெண்ணைத் தண்ணீர் நெடுங்கல் வழியாக வந்து ஏரி நிறைந்திருந்தது. பட்டமளிப்பைப் பற்றிப் பேசினார், ஸ்வெட்டர் பற்றிப் பேசினார், 2012இல் நத்தம் காலனி எரிந்தபோது பீரோவோடு போன தன் தங்கச்சியின் கல்யாணப் புடவையைப் பற்றி ஏனோ பேசினார். பிறகு சொன்னார்:

"ஏம்பா, நான் படுத்து எழுந்தா அந்தப் பெட்ஷீட்ட யாரு மாத்துவாங்க? இவகூட வேல செய்யற பொண்ணுதான? அது வந்து என் முடிய பொறுக்கிட்டு நிக்கணுமா?"

நாங்கள் எதிர்பார்த்தது 'எனக்கெதுக்கு அவ்வளவு பெரிய இடம்' என்ற பேச்சை. அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தோம், சுயமரியாதை, சமத்துவம் எல்லாம். இதற்கு எங்களிடம் பதில் இல்லை. கூலி கொடுக்கிறார்கள்க்கா, அங்கே அது வெறும் வேலைதான்க்கா என்றோம். "வேலதான். எனக்குத் தெரியாதா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தான் போனால் அந்தப் பின்படிக்கட்டை ஒருதடவை ஏறிப் பார்க்க முடியுமா என்றும், அந்த ருமேனியப் பெண்ணுக்கு மாம்பழத் தண்டு, ஊறுகாய் எது பிடிக்கும் என்றும் கேட்டார்.

பாப்பாவிடம் சொன்னோம். அவள் போனில் கத்திவிட்டாள். "அம்மா அங்க ஒரு விரிப்பத் தொட்டா நான் பேசவே மாட்டேன். படுத்து, தூங்கி, எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுட்டு அப்படியே வெளிய வரணும்." அக்கா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்குள்ளும் இரண்டு கட்சி ஆகிவிட்டது. பெண் தோழர்களில் பாதிப்பேர் அக்கா பக்கம், பாப்பா வயதுப் பெண்கள் பாப்பா பக்கம். ஆண் தோழர்கள் கருத்துச் சொல்ல வந்தார்கள். உங்கள் வீட்டில் போர்வையை மடிப்பது யார் என்று ஒருத்தி கேட்டாள், அமைதியாகிவிட்டார்கள்.

அறை உறுதியாகிவிட்டது. இரண்டு நாள் முன்புவரை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும். விசா முடிவு இன்னும் வரவில்லை. நேற்று அக்கா ஓசூரிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார், பின்னால் வாளிச் சத்தம். எத்தனை மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். பதினோரு மணி என்று சொன்னோம்.

"நான் நாலரைக்கே எழுந்துக்குவேனே. அதுவரைக்கும் சும்மா உக்காந்துட்டா இருக்கறது?"

அதைப் பாப்பாவுக்கு அனுப்பியிருக்கிறோம். கேட்டுவிட்டாள், இரண்டு நீலக் கோடு தெரிகிறது. பதில் வரவில்லை.